யாருடைய அவசரம்? - தென்பெண்ணைக் கரையில் காலநிலையும் உள்ளாட்சியும்

1

'காலநிலை அவசரநிலை' என்கிற சொற்சேர்க்கை தமிழிலும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. கருத்தரங்கத் தட்டிகளில், துண்டறிக்கைகளில், அரசாங்க ஆவணங்களில்கூட அதைப் பார்க்கலாம். ஆனால் 'அவசரநிலை' என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு வரலாறு உண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது 1975 ஜூன் 25. பத்திரிகைத் தணிக்கை, மிசா கைதுகள், 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்ட தமிழக அமைச்சரவை. நமது அரசியல் நினைவில் அவசரநிலை என்பது மேலிருந்து கீழே இறங்குவது. இறங்கும்போது கீழே இருக்கிறவர்களின் கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வது.

இறையாண்மை என்பது விதிவிலக்கான நிலைமையைத் தீர்மானிக்கும் அதிகாரமே என்ற பொருளில் 1922இல் வாதிட்டவர் ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட். 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதால் அவருடைய தீர்வுகள் நமக்கு வேண்டாம். ஆனா அவர் எழுப்பிய கேள்வியைத் தட்டிவிட முடியாது. அவசரம் என்று யார் அறிவிக்கிறார்கள்? அறிவித்த பிறகு யாருடைய கை நீள்கிறது, யாருடைய கை கட்டப்படுகிறது?

2016 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பெருநகரைச் சேர்ந்த டாரபின் என்ற உள்ளாட்சி மன்றம், காலநிலை அவசரநிலை நிலவுகிறது என்று தீர்மானம் போட்டது. உலகில் இப்படிச் செய்த முதல் மன்றம் அது. 2018 நவம்பரில் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரமன்றம் அறிவித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2019 மே 1இல்தான் வந்து சேர்ந்தது. இங்கே சொல்லின் திசை தலைகீழாகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். குப்பை அள்ளுகிற, தெருவிளக்குப் போடுகிற மன்றம் அவசரநிலையை அறிவிக்கிறது. அதற்குப் படை கிடையாது, போலீஸ் கிடையாது. அதன் அறிவிப்பு கீழிருந்து மேலே அனுப்பப்படும் ஒரு கோரிக்கை. 'எங்களுக்குத் தெரிகிறது, எங்களிடம் அதிகாரமில்லை, கொடு' என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

சரி, ஓசூர் மாநகராட்சி மன்றமும் அப்படி ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் ஆயிற்றா? ஆகாது என்பது என் வாதம். டாரபினை நகலெடுப்பதற்கு முன்னால், ஓசூரில் ஒரு மன்றத்தின் கையில் என்ன இருக்கிறது, எது அதன் கைக்கு வரவே இல்லை, மிச்சமிருப்பதை வைத்து என்ன செய்ய முடியும் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

2

1970களின் தொடக்கத்தில் சிப்காட் இங்கே நிலமெடுத்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் உற்பத்தியைத் தொடங்கின. பிறகு டைட்டன். வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்த, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த ஊர், பெங்களூரின் வாசலில் ஒரு தொழில்நகரமாயிற்று. இன்று இதே பகுதிக்கு இன்னொரு பெயரும் கிடைத்திருக்கிறது: மின்வாகனத் தலைநகரம். டிவிஎஸ், ஏத்தர் மின்ஸ்கூட்டர்கள் ஓசூரில் தயாராகின்றன. ஓலாவின் ஆலை 2021இல் போச்சம்பள்ளிப் பக்கம் வந்தது. 2024 ஜூனில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஒன்று 2000 ஏக்கரில் ஓசூரில் அமைக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உலகத்தின் கரிப்புகையைக் குறைக்கும் வண்டியும், உலகத்தின் கரிப்புகையைக் கூட்டும் விமானத்துக்கான நிலமும் ஒரே மாவட்டத்துக்குள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. இரண்டுக்குமே பெயர் வளர்ச்சிதான். இரண்டுக்கான முடிவும் ஓசூர் மன்றத்தில் எடுக்கப்பட்டதல்ல.

இங்கே 'மன்றம்' என்பதே எவ்வளவு காலம் இருந்தது? 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஓசூர் 2019 பிப்ரவரியில் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. அதன் முதல் மன்றத்துக்குத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரியில், 45 வார்டுகள். ஐந்து வருஷத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. நகராட்சி மாநகராட்சி ஆனதும், மூக்கண்டப்பள்ளியிலும் ஜூஜூவாடியிலும் வீடுகள் பெருகியதும், ஏரிகளில் கழிவுநீர் நிறைந்ததும் அதிகாரிகளின் காலத்தில்தான். இது ஓசூரின் தனிக்கதையும் அல்ல. சென்னை மாநகராட்சிக்கே 1973க்குப் பிறகு 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள், ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கின்றன. அந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் இந்த நிலைமை என்பதுதான் விஷயம்.

74ஆவது திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாடு, குடிநீர், துப்புரவு, நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில். நடைமுறையில் மனை வரைபடம் நகர ஊரமைப்புத் துறையிடமும் வளர்ச்சிக் குழுமத்திடமும், தொழில் நிலம் சிப்காட்டிடமும், அணையும் ஆறும் நீர்வளத்துறையிடமும், ஒகேனக்கல் குடிநீர் குடிநீர் வடிகால் வாரியத்திடமும், ஆலைப்புகை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இருக்கின்றன. மன்றத்துக்கு என்ன மிஞ்சுகிறது? சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, சொத்துவரி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தொழில் நிறுவனமே நகரச் சேவைகளைச் செய்கிற இடத்தைத் 'தொழில் நகரியம்' என்று ஆளுநர் குறித்துவிட்டால் அங்கே நகராட்சியே தேவையில்லை என்கிறது அதே திருத்தத்தின் 243கியூ பிரிவு. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி இல்லாமல் டாடா நிறுவனமே நகரத்தை நடத்திவந்த ஜாம்ஷெட்பூர் இந்த மாதிரியின் பழைய உதாரணம். ஓசூர் அப்படி அறிவிக்கப்படவில்லை. ஆனா அறிவிக்காமலே பாதி அப்படித்தான் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022இல் மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கத்தை அமைத்தபோதும் இதே தர்க்கம்தான். மாவட்ட ஆட்சியர் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். நல்ல நோக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் காலநிலை பற்றிய அறிவும் பொறுப்பும் ஆட்சியர் அலுவலக வளாகத்தோடு நின்றுவிடுகின்றன. மேயர், கவுன்சிலர், ஊராட்சித் தலைவர் ஆகியோர் கூட்டத்துக்கு அழைக்கப்படுகிறவர்கள், கூட்டம் அவர்களுடையதல்ல.

3

இனி ஆற்றுக்கு வருவோம். நந்திமலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் புறநகர் வழியாக வந்து ஓசூரருகே கெலவரப்பள்ளி அணையில் சேர்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி, அதாவது பெருநகரத்தின் கழிவு, இதில்தான் கலக்கிறது. மழைக்காலத்தில் அணையிலிருந்து நீர் திறக்கும்போது ஆற்றின்மேல் ஆளுயரத்துக்கு நுரை எழுகிற படங்களை நாளிதழ்கள் வருஷாவருஷம் போடுகின்றன. 'நாத்தம் தாங்கல, கால வச்சா அரிக்குது' என்கிறார்கள் கரையோரத்தார். ஆனால் இந்த அணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் பாசனம் இருக்கிறது. நெல், ராகி, தக்காளி, கோஸ், பூ. கழிவாக இருந்தாலும் அது வருகிற தண்ணீர்.

2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைச் சீர்செய்ய 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைக்கும்படி கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. அதே 2018இல்தான் இன்னொரு திட்டமும் தொடங்கியது. பெங்களூரின் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியாகக் கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்களின் வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம். அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். கோலார் விவசாயியின் தாகம் நியாயமானது. ஆனால் கணக்கு இப்படி ஆகிறது: அழுக்காக இருக்கும்வரை தண்ணீர் கீழே ஓசூருக்கு வரும். சுத்தம் செய்தால் அது மேலே போகும்.

காலநிலை மாற்றத்தை 'இயற்கைச் சீற்றம்' என்கிற கதையாடலாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மழை குறைந்தால் கழிவு அடர்த்தியாகிறது. மழை ஒரே நாளில் கொட்டினால் மொத்த அழுக்கும் அடித்துக்கொண்டு வருகிறது. இரண்டையும் வானம் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஒரு நகரம் தன் கழிவை எந்தப் பக்கம் தள்ளுகிறது, எல்லைக்கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது, கீழே இருக்கிறவர்களுக்கு அங்கே போய்ப் பேச இடமுண்டா என்பவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

4

ஆற்றின் போக்கிலேயே மாவட்டத்தின் கிழக்குக்கு வருவோம். ஃபெஞ்சல் புயலின் எச்சம் 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பெறும் சராசரி மழையில் பாதிக்கும் மேல். ஏரி நிறைந்து வழிந்த வெள்ளத்தில், பேருந்து நிலையத்தருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் உருண்டோடின. அதே நாட்களில் கீழே சாத்தனூர் அணையிலிருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின.

அதிலிருந்து முப்பத்து நான்காவது நாள், 2025 ஜனவரி 5ஆம் தேதி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடக்காமலே நிர்வாகம் தனி அலுவலர்களின் கைக்குப் போயிற்று. ஊத்தங்கரை பேரூராட்சி என்பதால் அதன் மன்றம் தப்பியது. சுற்றியிருக்கும் கிராம ஊராட்சிகள் தப்பவில்லை. எந்த ஏரி எந்த இடத்தில் உடைந்தது, எந்த ஓடையை யார் மேடாக்கியிருந்தார்கள், யார் வீட்டுக்கு நிவாரணம் வரவில்லை என்பதெல்லாம் ஊரறிந்த சங்கதி. அதைப் பதிவாக்கி, வாதாடி, அடுத்த மழைக்கு முன் வேலையாக மாற்ற வேண்டிய தருணத்தில் நாற்காலி காலி. 'அவசரம்' என்பதைத் தமிழ்நாட்டில் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் தேவையில்லை. ஆபத்து நெருங்க நெருங்க, முடிவெடுக்கும் இடம் ஊரைவிட்டுத் தூரப்போகிறது.

5

'அதிகாரமில்லை' என்று ஒப்பாரி வைத்து முடித்துவிடலாம்; நம் கட்டுரைகள் பலவும் அங்கேயே முடிகின்றன. ஆனால் மிச்சமிருக்கிற அற்ப அதிகாரங்களை வைத்துச் சில மன்றங்கள் என்ன செய்திருக்கின்றன என்று பார்ப்பது பயன்தரும். மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, எச்சரிக்கும் அதிகாரம். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததை ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்த மாநகராட்சி 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வானிலை முன்னறிவிப்புக்கேற்ப வண்ண எச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், ஆஸ்பத்திரிகளைத் தயார்நிலையில் வைத்தல், பிறகு குடிசைக் கூரைகளுக்கு வெள்ளையடித்தல். புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பிணங்களை எண்ணிப் பார்க்கிற துணிவு தேவைப்பட்டது. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்றது. இறந்த பிறகு கொடுப்பது மாநிலத்தின் வேலை. இறக்காமல் பார்த்துக்கொள்வது வார்டின் வேலை. ஓசூர் குளிர்ந்த ஊர்தானே என்று கேட்கலாம். சிப்காட்டைச் சுற்றியிருக்கிற லைன் வீடுகளில், சிமெண்ட் ஷீட்டுக்கும் தகரத்துக்கும் கீழே, ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்க வேண்டியவர்களிடம் அந்தக் குளிரைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

இரண்டு, அனுமதி மறுக்கும் அதிகாரம். பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் பிளாச்சிமடை கோக்கோகோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து என்ற நோக்கில் 2003 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத் தனிநீதிபதி தீர்ப்பளித்தார். 2005இல் அதே நீதிமன்றத்தின் அமர்வு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றிருந்தது. அங்கே மறுபடி உற்பத்தி செய்யும் எண்ணமில்லை என 2017இல் நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் சொல்ல, வழக்கு முடிந்தது. சட்டத்தில் பஞ்சாயத்து முழுசாக ஜெயித்துவிடவில்லை. ஆனால் ஒரு லைசென்சைப் புதுப்பிக்க மறுத்ததன் மூலம், 'இந்தத் தண்ணி யாருது?' என்ற கேள்வியைப் பதினான்கு வருஷம் நீதிமன்றத்தில் உயிரோடு வைத்திருந்தது. வெளியே ஆதிவாசிப் பெண்களின் போராட்டப் பந்தல் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்று, சொந்த வருவாய். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடனும் சேமிப்புமாக 1 கோடியே 55 லட்சம் ரூபாய் போட்டு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. இதில் 'முன்மாதிரி' என்று மயங்க ஒன்றுமில்லை. ஒரு காற்றாலையால் காலநிலை திரும்பிவிடாது. ஆனால் யாரும் உத்தரவு போடாமலே மின்சாரத்தை ஒரு ஊராட்சி தன்னுடைய விஷயமாக எடுத்துக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டியே நொடித்துப்போகும் ஊராட்சிகளுக்கு இது சுற்றுச்சூழல் மட்டுமல்ல, சுயாட்சிப் பிரச்சினையும்தான். 15ஆவது நிதிக்குழு 2021-26க்குத் தந்த உள்ளாட்சி மானியத்தில் பெரும்பகுதி, குடிநீர் துப்புரவு என எதற்குச் செலவிடுவது என்று மேலேயே கட்டிப்போடப்பட்ட பணம். கட்டற்ற காசு வேண்டுமென்றால் சொத்துவரியும் சொந்த உற்பத்தியும்தான் வழி.

6

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடு என்கிறோம். அந்த உள்ளாட்சி யாருடையது? இந்த விவாதம் வந்தாலே உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவது நமக்கு வழக்கம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921இல் வெட்டப்பட்டவை. குடவோலை முறை, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஏரிக்கென்று தனிக் குழு என்று பெருமைப்படலாம்தான். ஆனா அந்தக் குழுவில் உட்கார வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். அது ஒரு பிராமணச் சபை. ஏரியில் மண் சுமந்தவர் பெயரைக் குடத்தில் போட இடமில்லை. மரபிலிருந்து எடுத்துக்கொள்ள ஏரி வாரியம் இருக்கிறது. கூடவே வரும் வேலியையும் பார்த்தாக வேண்டும்.

இன்றைய ஓசூரில் அந்த வேலி எங்கே? பீகார், ஒடிசா, அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு கிடையாது. அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரருக்கு உண்டு. வெயில், வெள்ளம், கழிவுநீர் முதலில் தாக்குவது அவர்களை. வார்டு கணக்கில் அவர்கள் இல்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது கலந்து பேசும் எல்லை ஊர் இது. இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. தமிழில் மட்டும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும் வெள்ள எச்சரிக்கை இங்கே பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. ஆகவே காலநிலை உள்ளாட்சி என்பது முதலில் வாக்காளர் பட்டியலைத் தாண்டி, ஊரில் குடியிருக்கிற எல்லோரையும் எண்ணுவதில் தொடங்குகிறது.

7

நடைமுறைக்கு வருவோம். நகரத்துக்கு வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் விதிகளில் இருக்கின்றன. கிராமத்துக்கு வருஷத்துக்கு ஆறு கிராமசபை; 2022க்குப் பிறகு மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் அதில் சேர்ந்துள்ளன. தனி அலுவலர் ஆட்சியிலும் கிராமசபை சட்டப்படி உயிரோடு இருக்கிறது. 'அவசரநிலை' என்று ஒரு வரித் தீர்மானம் போடுவதைவிட, அந்தச் சபைகளில் நண்பர்கள் கொண்டுபோகக்கூடியவை என்று நான்கு காரியங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நீர்வழிக் கணக்கு. ஊரின் ஒவ்வொரு ஏரியும் நிறைந்தால் எந்தக் கலிங்கு வழியே, எந்த ராஜகால்வாயில், எந்த ஏரிக்குப் போக வேண்டும். இப்போது எங்கே தடைபடுகிறது. பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து எழுத வேண்டும். அந்தப் பாதையில் கட்டட அனுமதி இல்லை, பேருந்து நிறுத்தம் இல்லை, சந்தை இல்லை என்று தீர்மானமாக வேண்டும். ஓசூர் நடுவிலிருக்கும் ராமநாயக்கன் ஏரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். 50 சென்டிமீட்டர் மழையை எந்தச் சாக்கடையும் தாங்காது. அது போகிற வழியில் மனிதர்கள் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது, கூரை. 2003இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்று. பாதி இடத்தில் அது இன்று அடைபட்ட குழாய். வாடகைக்கு விடும் லைன் வீடுகளுக்கு வரி போடும்போதே மழைநீர்க் குழி, வெள்ளைக் கூரை, ஆளுக்கு இத்தனை குடம் தண்ணீர் ஆகியவற்றைச் சோதிப்பது மன்றத்தால் முடிகிற காரியம்.

மூன்றாவது, எண்ணிக்கைப் பதிவேடு. வெயிலில் மயங்கி விழுந்தவர், தண்ணீர் லாரி வந்த நாட்கள், வறண்ட போர், நுரை வந்த தேதி. வார்டு வாரியாக, எளிய நோட்டில். நீதிமன்றத்திலும் நிதிக்குழுவிலும் பேசுவது இந்தப் பதிவுதான். ஆட்சியரின் காலநிலை இயக்கத்திடம் இதைக் கொடுத்து, பதிலை எழுத்தில் கேட்க வேண்டும்.

நான்காவது, ஆற்றுவழி உறவு. ஓசூரிலிருந்து கடலூர் வரை தென்பெண்ணைக் கரையிலுள்ள மன்றங்களும் சபைகளும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, எல்லைக்கு அப்பாலிருக்கும் வர்த்தூர்ப் பக்கத்து மக்களோடும் கோலார் விவசாயிகளோடும் நேரடியாகப் பேசுவது. ஏரியில் நுரையும் தீயும் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டு மாநில அரசுகள் பேசினால் அது நதிநீர்த் தகராறு ஆகிவிடுகிறது. இரண்டு கரை மக்கள் பேசினால் கழிவு என்ன, தண்ணீர் என்ன, யாருக்கு எவ்வளவு என்று பேச முடியும்.

இந்த நான்குக்கும் புதிய சட்டம் வேண்டாம். ஆனால் தேர்தல் வேண்டும். குறித்த காலத்தில் உள்ளாட்சித் தேர்தலை நடத்து என்கிற, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன கோரிக்கையை இனி காலநிலைக் கோரிக்கைகளின் வரிசையில் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். சூழலியல் நண்பர்களும் தலித், தொழிலாளர் இயக்கத் தோழர்களும் இதைத் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சேர்ந்து பேசினால் என்ன ஆகும் என்பதை விவாதிக்க வேண்டும்.